கிறிஸ்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த பௌத்த அரசன்: மலையகத்தில் சபைகள் சேர்ந்த கதை, சேராத கதை

[திரையில்: தலதா மாளிகை, அதையொட்டி நிற்கும் செங்கல் நிறத் தூய பவுல் ஆலயம்]

வணக்கம். ஒரு கேள்வி. ஒரு காலத்தில் இலங்கையில் கத்தோலிக்கப் பாதிரியார்களைத் தேடித் தேடிப் பிடித்தது யார்? பிக்குகளா? அரசனா? இரண்டும் இல்லை. கையில் வேதாகமம் வைத்திருந்த ஒல்லாந்தர்தான். அவர்களிடமிருந்து தப்பியவர்களுக்கு இடம் கொடுத்தவர் யார் தெரியுமா? கண்டியில் புத்தரின் தந்தத்தைக் காத்துவந்த பௌத்த அரசன்.

"கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஒன்றுதானே" என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள், முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

1658இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. இவர்கள் கல்வின் வழிச் சீர்திருத்தச் சபைக்காரர்கள், அதாவது புரட்டஸ்தாந்துக்காரர்கள். கத்தோலிக்கப் பூசைக்குத் தடை, பாதிரியாரை வீட்டில் ஒளித்து வைத்தால் தண்டனை. அப்படிப்பட்ட நாட்டுக்குள் 1687இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் வந்து இறங்குகிறார். கொங்கணிப் பிராமணக் குடும்பத்துப் பிள்ளை, கோலமோ பிச்சைக்காரன் கோலம். யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கர் யார் என்று வாய்விட்டுக் கேட்க முடியாது. மனிதர் என்ன செய்தார் என்றால், கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வாசல் வாசலாகப் பிச்சை கேட்டார். செபமாலையைப் பார்த்து எந்த வீட்டில் கண் கலங்குகிறதோ அது நம்ம ஆள் வீடு! உளவுத்துறைக்காரன்கூட இப்படி யோசித்திருக்க மாட்டான்.

1692இல் கண்டிக்கு ஏறுகிறார். அங்கே ஏற்கெனவே இருந்த ஒரு பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்துக்காரர், "இவன் போர்த்துக்கேய ஒற்றன்" என்று அரசனிடம் போட்டுக்கொடுத்தார். பார்த்தீர்களா, இங்கேயும் போட்டுக்கொடுத்தவர் கிறிஸ்தவர்தான். வாஸ் சிறைக்குப் போனார். சிறையில் சும்மா இருக்கவில்லை, சிங்களம் படித்தார். தமிழை முன்பே படித்திருந்தார். கடும் வறட்சியில் அவர் செபித்து மழை வந்தது என்று கத்தோலிக்கர் பரம்பரையாகச் சொல்வார்கள். அதை நம்புவது உங்கள் விருப்பம். எனக்குப் பெரிதாகப் படுவது 1697. கண்டியில் பெரியம்மை பரவியது. அரசனும் வசதியானவர்களும் நகரத்தை விட்டு வெளியேறினார்கள். வாஸ் அங்கேயே தங்கி, தெருவில் விடப்பட்ட நோயாளிகளைக் கழுவித் துடைத்துக் கஞ்சி கொடுத்தார். எந்த மதம், எந்தச் சாதி என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. முதலில் சிறையில் போட்டாலும், அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் பிறகு அவரைத் தடுக்கவில்லை. வாஸ் 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரியில் காலி முகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்.

வாஸ் பற்றி மட்டுமே ஒரு மணி நேரம் பேசலாம். வேண்டும் என்றால் கமெண்டில் சொல்லுங்கள்.

[திரையில்: பழைய தேயிலைத் தோட்டப் படம்]

சரி, நடுவில் உள்ளதை ஓட்டிவிடுவோம். 1820களில் கோப்பி, அதற்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லரின் தேயிலை, 1948இல் அவர்களிடமிருந்து பறிபோன குடியுரிமை, 1964இல் இந்தியாவும் இலங்கையும் அவர்களை ஆளாளுக்குப் பங்கு பிரித்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். மலையகத்தில் யாரைக் கேட்டாலும் இதைத் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்.

1854இல் அங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) மிஷன் ஒன்று கண்டியைச் சுற்றித் தோட்டத் தமிழரிடம் வேலையைத் தொடங்கியது. வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரும் பணம் கொடுத்தார்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பக்கம் உபதேசியார் தமிழில் போதித்தார். துரைமாருக்கோ டிக்கோயாவில் வார்லி ஆலயம் போலக் கல்லால் கட்டிய ஆங்கிலக் கோயில்கள். ஒரே பைபிள், ஒரே செப புத்தகம், ஆனால் பக்கத்துப் பக்கத்து வாங்கில் உட்கார வழியில்லை.

இப்போதும் மலையகத்து டவுன் ஆலயம் ஒன்றின் வாசல் பலகையைப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு ஒரு நேரம், சிங்களத்துக்கு ஒரு நேரம், தமிழுக்கு ஒரு நேரம். சிங்களவரும் தமிழரும் பெருந்தொகையாகச் சேர்ந்திருக்கிற மதம் இந்த நாட்டில் கிறிஸ்தவம்தான். அதை நாங்கள் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் வெளியே வர, மற்றக் கூட்டம் உள்ளே போகிறது. வாசலில் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். அவரவர் மொழியில் செபிப்பது உரிமை, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. வருடம் முழுக்க வாசலோடு நிற்பதுதான் உறுத்துகிறது. சாதியைச் சொல்லவே வேண்டாம். ஆராதனையில் வாயைத் திறக்காது, கல்யாணப் பேச்சு வந்ததும் முதல் ஆளாக வந்து உட்காரும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

[திரையில்: கொழும்பு–கண்டி வீதி, பிலிமத்தலாவை]

1947 செப்டம்பரில் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளெல்லாம் சேர்ந்து ஒரே சபை. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் வளர்த்த சபைகளும் அதில் ஓர் ஆதீனமாக, அதாவது ஒரு பேராயரின் கீழ் வரும் மறைமாவட்டமாகச் சேர்ந்தன. இலங்கையிலும் இதே போல ஒரு திட்டம் இருந்தது. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், யாழ்ப்பாண ஆதீனம், எல்லாம் சேர்ந்து ஒரு 'லங்கா திருச்சபை'. 1940களில் தொடங்கிய பேச்சு, வரைவுக்கு மேல் வரைவாக, 1970களின் தொடக்கத்தில் கனிந்து வந்தது. அந்த நேரத்தில் அங்கிலிக்கன் தரப்பிலிருந்தே சிலர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். திட்டம் அப்படியே நின்றுவிட்டது. பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்து, சமையல்காரருக்கு முற்பணமும் கொடுத்த பிறகு, மாமா ஒருவர் வழக்குப் போட்டு நிறுத்திய கல்யாணம்தான் இது.

வேடிக்கை என்னவென்றால், கல்யாணம் நடக்கும் முன்பே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டியாகிவிட்டது! 1963இல் பிலிமத்தலாவையில் இலங்கை இறையியல் கல்லூரி தொடங்கியது. அதுவரை போதகராக விரும்பியவர்களில் பலர் பெங்களூர், கல்கத்தா என்று போய் ஆங்கிலத்தில் படித்தார்கள். இங்கே சிங்களத்திலும் தமிழிலும் படிப்பு. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்ட் மாணவர்கள் ஒரே வளாகத்தில். சபைகள் சேரவில்லை, கல்லூரி மட்டும் நிற்கிறது. இங்கிருந்து போதகர்களாகிப் போகிறவர்கள் வேறு வேறு சபைக்குப் போனாலும் ஒரே விடுதிச் சோற்றைத் தின்றவர்கள். பின்னாளில் ஒரு தோட்டத்தில் பிரச்சினை என்றால் ஒருவருக்கொருவர் போன் எடுக்கத் தயங்க மாட்டார்கள். நீதிமன்றத்தால் இதைத் தடுக்க முடியுமா? என்னைக் கேட்டால், அந்த இணைப்பு நடந்திருந்தால்கூடப் பெயர்ப்பலகை மட்டும் மாறியிருக்கும்.

கத்தோலிக்கர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். 1972இல் யேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கினார். தோட்டத் தமிழரையும் பக்கத்துச் சிங்களக் கிராமத்தவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைப்பதுதான் அங்கே வேலை.

[திரையில்: தலைமன்னார் கடற்கரை]

இன்னொன்று, 2023. மலையகத் தமிழர் வந்து 200 வருடம். முன்னோர் நடந்துவந்த பாதையில், தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம், ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12வரை. முன்னின்று நடத்தியவர்களில் தேசிய கிறிஸ்தவ சபையும் ஒன்று. பல புரட்டஸ்தாந்து சபைகளின் கூட்டமைப்பு அது, கத்தோலிக்கர் அதில் உறுப்பினர் இல்லை. ஆனால் வீதியில் யாரும் உறுப்பினர் அட்டை கேட்கவில்லை. போதகர்கள், துறவியர், கோயிலுக்குப் போகிறவர்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், சிங்களத் தோழர்கள் என்று எல்லோரும் நடந்தார்கள். அவர்கள் கேட்டது காணி, வீடு, நியாயமான சம்பளம், சம உரிமை. இதில் எது அங்கிலிக்கன், எது மெதடிஸ்த?

உங்கள் ஊர் ஆலயத்தில் மூன்று மொழிக்கும் மூன்று நேரமா, எப்போதாவது ஒரே நேரமா? ஊர்ப் பெயரோடு கமெண்டில் போடுங்கள். அடுத்த வீடியோவில் கலேவெல பக்கம் போகிறோம், வஹக்கோட்டைக்கு. போர்த்துக்கேய வம்சம் என்று சொல்லப்படுகிற ஒரு கத்தோலிக்கக் கிராமம் அங்கே இருக்கிறது. சப்ஸ்கிரைப் பண்ணாதவர்கள் பண்ணிவிட்டுப் போங்கள்.