நான்காம் மாடியிலிருந்து காளியம்மன் கோயில் வரை

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூனிலிருந்து பேசுகிறேன். முதலில் கேமராவை மேலே திருப்புகிறேன், பாருங்கள். அந்த நான்காம் மாடி பால்கனியிலிருந்து ஒரு நைலான் கயிறு தொங்குகிறதே, அதுதான் எங்கள் வீடு. கயிற்றின் நுனியில் ஒரு கிளிப் இருக்கிறது. மேல் முனையில், வீட்டுக்குள், ஒரு சின்ன மணி. கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பர், காய்கறிப் பை, மருந்து எல்லாம் இந்தக் கயிற்றில்தான் ஏறுகின்றன. விருந்தாளி வந்தால் இரும்புக் கதவின் சாவி இதில்தான் இறங்கும். இந்தத் தெருவில் பாதி வீடுகளில் இப்படி ஒரு கயிறு தொங்குவதைப் பார்க்கலாம். லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் படி ஏற முடியாதவர்கள் தாங்களே கண்ட வழி இது. எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கும்.

ஆனால் போன ஆண்டிலிருந்து இந்தக் கயிற்றைப் பார்த்தால் மனம் கனக்கிறது. சர்க்கரை நோயால் என் அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவருக்கு வயது 74. நாற்பது ஆண்டுகள் பருப்பு மண்டியில் கணக்கு எழுதியவர். வெள்ளிக்கிழமை தவறாமல் காளியம்மன் கோயிலுக்குப் போவார். 1871இல் நம் தமிழர்கள் கட்டிய கோயில். அது இருக்கும் அனோயத்தா சாலையை அப்பா இன்னும் பிரேசர் தெரு என்றுதான் சொல்வார். வீட்டிலிருந்து நடந்தால் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தை அவருக்குத் திருப்பிக் கொடுக்க, சரியான சக்கர நாற்காலிக்காக நாங்கள் பட்ட பாட்டைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதல் தவறு என்னுடையது. ஒரு கடையில் போய்ச் சக்கர நாற்காலி கேட்டேன். எடை குறைவு, மடக்கலாம் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். வாங்கி வந்துவிட்டேன். அதன் பின்சக்கரங்கள் சிறியவை. உட்கார்ந்திருப்பவரின் கை எட்டாது. பின்னால் ஒருவர் தள்ளினால்தான் நகரும். அப்பா அதில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கையை விட்டுத் துழாவினார். சக்கரம் அகப்படவில்லை. "என்னம்மா, என்னைச் சரக்கு மூட்டை ஆக்கிவிட்டாயே" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவரை உட்கார வைத்து அளந்து பார்த்தீர்களா என்று கடையில் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. சட்டைக்கு அளவு எடுக்கிறோம், செருப்புக்கு எடுக்கிறோம், நாள் முழுக்க உட்காரும் நாற்காலிக்கு எடுக்கவில்லை.

இப்போது எனக்குத் தெரிந்ததைக் காட்டுகிறேன். இதோ டேப். இருக்கையின் அகலம் இடுப்பின் அகலத்துக்கு ஒத்து இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் உடம்பு ஒரு பக்கம் சாயும், சக்கரமும் கைக்குத் தூரமாகும். முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், இல்லாவிட்டால் அங்கே தோல் அழுந்திப் புண் வரும். சர்க்கரை நோயாளிக்குப் புண் என்றால் என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து இந்தப் பலகையைப் பாருங்கள். ஒட்டுப்பலகையில் ஸ்பாஞ்ச் வைத்து, அம்மாவின் பழைய லுங்கித் துணியால் உறை தைத்திருக்கிறோம். அப்பாவின் வலது காலில் எடுத்ததுபோக மீதியிருக்கும் பகுதி நீட்டியபடி இதன்மேல் இருக்கும். கால் மடங்கியே தொங்கினால் முழங்கால் இறுகிப்போகும், பிறகு செயற்கைக் கால் பொருத்துவது பெரும்பாடு. இந்தப் பலகைக்குச் செலவு மிகவும் குறைவு. யாராவது முதல் வாரத்திலேயே இதைச் சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது நாற்காலி நல்ல நாற்காலிதான், பெரிய பின்சக்கரம், கையால் உருட்டும் வளையம் எல்லாம் உண்டு. ஆனால் அது ஆஸ்பத்திரித் தளத்தில் ஓடுவதற்குச் செய்தது. நம் நடைபாதை எப்படி என்று ரங்கூன்காரர்களுக்குத் தெரியும். சாக்கடையின் மேல் சிமெண்ட் பலகைகள், நடுநடுவே சந்து, ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும். முன்சக்கரம் ஒரு சந்தில் போய் மாட்டியது. அப்பா முன்னால் சரிந்தார். அருகிலிருந்த வெற்றிலைக் கடைத் தம்பி பாய்ந்து பிடிக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அந்த வாரம்தான் ரால்ஃப் ஹாட்ச்கிஸ் என்பவரைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்கப் பொறியாளர். 1966இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால்கள் செயலிழந்தன. 1980இல் நிகராகுவா போனார். அங்கே சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் தாங்களே அதைப் பழுது பார்த்து, மாற்றி அமைத்துக்கொள்வதைப் பார்த்தார். அவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டு, கரடுமுரடான தரைக்கென்றே நாற்காலிகளை உருவாக்கினார். முன்சக்கரம் அகலமான ரப்பர் சக்கரம், அதனால் சந்தில் விழாது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி அதிகம், அதனால் முன்னால் குப்புறச் சாயாது. அகலமான அந்த ரப்பர் சக்கரத்துக்கு ஜிம்பாப்வே சக்கரம் என்றே பெயர். பழுதடைந்த பாதையில் தினமும் போகிறவர்தான் அந்தப் பாதைக்கான சக்கரத்தைச் செய்ய முடியும் என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

எங்கள் தெருமுனையில் வெல்டிங் பட்டறை இருக்கிறது. பட்டறைக்காரரிடம் படத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்ததைவிட அப்பாவை அதிகம் பார்த்தார். "ஐயா, கொஞ்சம் உருட்டிக் காட்டுங்கள்" என்றார். அப்பா பட்டறைக்குள் மூன்று சுற்று வந்தார். பிறகு பட்டறைக்காரர் சாக்பீஸ் எடுத்து நாற்காலியிலேயே கோடு போட்டார். முன்சக்கரங்களை நான்கு விரல் அளவு முன்னே தள்ளி, தடித்த ரப்பர் சக்கரமாக மாற்றினார். ஒரு கால் போனதால் உடம்பின் பாரம் பின்னால் போகும், மேடு ஏறினால் மல்லாந்துவிடக்கூடும் என்று பின் அச்சையும் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தினார். ஒரு நாள் வேலை. சந்து வரும் இடத்தில் இப்போது மெல்லிய ஒரு குலுக்கல்தான்.

சரி, வாசல். எங்கள் கட்டடத்துக்கு மூன்று படிகள், ஒவ்வொன்றும் 6 அங்குலம். சாய்தளத்துக்கு உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். அப்படியானால் 18 அடி. நடைபாதையைத் தாண்டிச் சாலையின் நடுவில் போய் முடியும். ஆகவே பின்பக்கமாகத்தான் இறக்குகிறோம். பெரிய சக்கரம் முதலில் இறங்க வேண்டும், தள்ளுகிறவர் கீழே நின்று உடம்பால் தாங்க வேண்டும். முன்பக்கமாக இறக்காதீர்கள், தயவுசெய்து.

அதற்கு மேலே 72 படிகள் இருக்கின்றன. அங்கே எந்தச் சக்கரமும் உதவாது. பிரம்பு நாற்காலியில் இரண்டு மூங்கில் கம்புகளைக் கட்டி, என் தம்பியும் பக்கத்து வீட்டு அண்ணனும் தூக்கி வருகிறார்கள். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "பல்லக்கு சாமிக்கு, இல்லாவிட்டால் மாப்பிள்ளைக்கு" என்பார். எட்டு மாடிக் கட்டடத்தைக்கூட லிஃப்ட் இல்லாமல் கட்டிவிட்ட நகரம் இது. லிஃப்ட் இருக்கும் இடத்திலும் மின்சாரம் போனால் அதே கதைதான். சக்கர நாற்காலி கீழே வெற்றிலைக் கடையில் சங்கிலி போட்டு நிற்கிறது, ஏனென்றால் 18 கிலோவை மேலே கொண்டுபோக அம்மாவால் முடியாது. சென்னை ஐஐடியில் 2025இல் 9 கிலோவில் ஒரு நாற்காலி செய்திருக்கிறார்கள், ஒய்டி ஒன் என்று பெயர். அம்மாவே ஒரு கையில் தூக்கிவிடுவார். அந்தச் செய்தியை அப்பாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

பஸ்ஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1970இல் இந்த நாடு சாலையின் வலப்பக்கம் மாறியது. ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய பஸ்களின் கதவு இடப்பக்கம், நடுச்சாலையில் இறங்க வேண்டும். 2017இல் புதிய பஸ் சேவை வந்தபின் அந்த ஆபத்து குறைந்தது, நல்லது. ஆனால் சக்கர நாற்காலியோடு ஏறுவது இன்னும் கனவுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2015இலேயே வந்துவிட்டது. சட்டத்தை எழுதியவர்கள் ஒரு நாள் என் அப்பாவோடு பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

செயற்கைக் கால் போடலாமே என்று போன வீடியோவில் பலர் கேட்டிருந்தீர்கள். புண் முழுதாக ஆறட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "அதைப் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் கோயிலுக்குள் போகலாமா?" போகலாம். ஜெய்ப்பூர் கால் அதற்காகவே பிறந்தது. 1968இல் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கியது. வெளிநாட்டுச் செயற்கைக் கால்களுக்கு அதுவரை ஷூ இல்லாமல் முடியாது. நம்மவர்கள் வெறுங்காலோடு நடப்பவர்கள், சம்மணம் போடுபவர்கள், சேற்றில் இறங்குபவர்கள். அதைப் பார்த்துச் செய்தார்கள். இங்கே பகோடாவுக்குள் போகிற பர்மியர்களுக்கும் அதே தேவைதான். நான் சொன்னதும் அப்பா ஒன்றும் பேசவில்லை. தன் இடது காலின் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

போன வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் இறங்கியதும், சக்கரங்களை ஈரத்துணியால் நான் துடைத்தேன். பூக்கார அக்கா நிமிர்ந்து பார்த்து, "எத்தனை மாசம் ஆச்சு ஐயா" என்றார். அப்பா வளையத்தில் இரண்டு கையையும் வைத்தார். நான் பிடியை விட்டுவிட்டேன். கடைசி முப்பது அடி அவரே உருட்டிக்கொண்டு போனார்.

இதோ, மணி அடிக்கிறது, கேட்கிறதா? அம்மா சாவியை இறக்குகிறார். இன்றும் வெள்ளிக்கிழமை. தம்பியும் அண்ணனும் படியில் காத்திருக்கிறார்கள், நான் மேலே போகிறேன். உங்கள் வீட்டில் சக்கர நாற்காலி இருந்தால் இன்றே டேப்பை எடுத்து அளந்து, அளவைக் கீழே எழுதுங்கள், எனக்குத் தெரிந்த வரை பார்த்துச் சொல்கிறேன்.