பற்று நோட்டில் ஒரு பை

நேயர்களுக்கு வணக்கம்.

நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நெகிழிப் பைக் கழிவைக் குறைக்க அரசு எடுத்துவரும் நடவடிக்கைகளைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். நெகிழி நல்ல சொல்தான். ஆனால் நம் கடைத்தெருவில் அதற்குப் பெயர் கவர். "அண்ணாச்சி, ஒரு கவர்ல போட்டுக் குடுங்க" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். நானும் கவர் என்றே சொல்லிப் பேசுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்திருந்த சமயம், வாய்க்கால் பாலம் ஒன்றில் தண்ணீர் முட்டி நிற்பதாகத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தோம். பாலத்துக்கு அடியில் கம்பி போட்டிருந்த இடத்தில் கவர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, ஈரச் சாக்கை இழுத்துக் கட்டியது போல அடைத்துக் கிடந்தன. மண்வெட்டி அதில் இறங்கவில்லை. நான்கு பணியாளர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் பிய்த்துப் பிய்த்து எடுத்தார்கள். தனியாக எடுத்தால் ஊதினால் பறக்கிற பொருள் அது. கரையில் ஒரு கடைமடை விவசாயி நின்றுகொண்டிருந்தார். "இனி எங்க வயலுக்குத் தண்ணி வர மூணு நாளாவும்" என்று மட்டும் சொன்னார். அதைக் கோபமில்லாமல் சொன்னார். அதனாலேயே எனக்கு மறக்கவில்லை.

கோடகன் கால்வாய், நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய் எல்லாம் தாமிரபரணியில் பிரிந்து, வீடுகளையும் கடைகளையும் ஒட்டி ஓடித்தான் வயலுக்குப் போகின்றன. நாம் தெருவில் விட்ட கவர் அந்த வழியாகத்தான் பயணம் போகிறது. வங்கதேசத்தில் 1988-லும் 1998-லும் வந்த பெருவெள்ளங்களில் ஊரின் வடிகால்களைக் கவர்கள் அடைத்துக்கொண்டது பெரிய காரணமாகப் பேசப்பட்டது. 2002-ல் மெல்லிய பாலிதீன் பைக்கு அந்த நாடு தடை போட்டது. உலகத்தில் முதலில் தடை செய்த நாடு அதுதான். வாய்க்கால் தண்ணீரை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு இந்த விஷயம் முதலில் புரிந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

நம் நாட்டில் சட்டம் முதலில் பிடித்த கயிறு மைக்ரான், அதாவது கவரின் தடிமன். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். 1999-ல் வந்த விதி, 20 மைக்ரானுக்குக் குறைந்த கவர் கூடாது என்றது. 2011-ல் அது 40 ஆனது, 2016-ல் 50 ஆனது. 2021 செப்டம்பர் கடைசியில் 75, 2022 டிசம்பர் கடைசியில் 120. கவரைத் தடிமனாக்கினால் குப்பை எப்படிக் குறையும் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பழைய சாமான் பொறுக்குகிறவர்களைப் பாருங்கள். பால் கவரை எடுத்துச் சாக்கில் போடுவார்கள், பக்கத்திலேயே கிடக்கும் மெல்லிய கவரை விட்டுவிட்டுப் போவார்கள். அதை ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கணக்கில் குனிந்து எடுக்க வேண்டும். பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடையில் அதற்குக் கிடைக்கிற காசு குனிந்த முதுகுக்குக் கட்டாது. தடிமன் கூடினால் எடை கூடும், எடை இருந்தால் யாராவது எடுப்பார்கள், விலையும் கூடுவதால் கடைக்காரர் சும்மா கொடுக்கத் தயங்குவார். இதுதான் கணக்கு.

கணக்கு சரி. ஆனால் தராசும் டார்ச்சும் வைத்துக்கொண்டு கடை ஏறும் ஆய்வாளர் 40 மைக்ரானையும் 50 மைக்ரானையும் எப்படிப் பிரிப்பார்? இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும். கவரின் மேல் 50 மைக்ரான் என்று அச்சடித்திருப்பான். உள்ளே இருப்பது வேறு. தடித்த கவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் மெல்லிய கவரைத் தடுத்து, தடித்த கவரைக் காசுக்கு விற்கலாம் என்று விட்டது. ஜனங்கள் அதையும் ஒரே தடவை பயன்படுத்திவிட்டு எறிந்தார்கள். 2024-ல் சட்டத்தைத் திருத்தி அந்த வழியையும் அடைக்க வேண்டியதாயிற்று.

மைக்ரானுக்கு அடுத்தபடி காசு. கவரை எந்தக் கடைக்காரரும் இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்று 2011 விதியிலேயே எழுதியிருந்தது. நேயர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 2016 விதி இன்னும் ஒரு படி போனது. கவர் கொடுக்க விரும்பும் கடை உள்ளாட்சியில் பதிவு செய்து, மாதம் 4,000 ரூபாய், வருடத்துக்கு 48,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவரிடம் இதைப் படித்துச் சொன்னேன். "கடைக்கு வாடகையே அவ்வளவு இல்லையே சார்" என்றார். கட்ட முடியாத கட்டணத்தை யாரும் கட்டப் போவதில்லை. 2018-ல் மத்திய அரசே அந்த விதியை எடுத்துவிட்டது.

இந்த இடத்தில் அயர்லாந்தைச் சொல்ல வேண்டும். 2002 மார்ச்சில் அங்கே ஒரு கவருக்கு 15 சென்ட் வரி போட்டார்கள். ஆளுக்கு வருடத்துக்கு 328 கவர் என்றிருந்தது 21-க்கு இறங்கியது. தடை கிடையாது, பில்லில் ஒரு வரி மட்டும். நம் ஊரிலும் அதையே செய்தால் என்ன என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். அயர்லாந்தில் வாங்கும் பொருள் எல்லாம் பில் மெஷின் வழியாக வருகிறது. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கீரைக்கட்டு வாங்கினால் யார் பில் போடுகிறார்கள்? பில் இல்லாத இடத்தில் வரி நிற்காது. அதனால் நம் மாதிரி ஊருக்குத் தடைதான் பொருந்தும் என்பது என் எண்ணம். தமிழ்நாடு எடுத்த முடிவு சரியான முடிவு.

2018 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. 2019 ஜனவரி 1 முதல் தடை. கவர், பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், உறிஞ்சுகுழல், தண்ணீர்ப் பாக்கெட், சாப்பாட்டு மேசையில் விரிக்கிற பிளாஸ்டிக் தாள் என்று 14 வகைப் பொருட்கள். எத்தனை மைக்ரானாக இருந்தாலும் தடை என்று ஆணையில் சொன்னார்கள் பாருங்கள், களத்தில் நின்ற எங்களுக்கு அது பெரிய விடுதலை. விரலால் தடவிப் பார்க்கிற வேலை அன்றோடு போனது.

அந்த வருடம் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நம் கடைத்தெருவைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். சாம்பார் வாங்கத் தூக்குவாளியோடு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். கறிக்கடையில் பனையோலைக் கொட்டான் திரும்பி வந்தது. வாழையிலைக்கும் மந்தார இலைக்கும் கிராக்கி ஏறியது. மறந்துபோன பழக்கங்கள்தானே, கை தானாகச் செய்தது. அந்த இரண்டு மாதமும் தெருக்கூட்டும் பெண்கள் அள்ளும் குப்பையின் நிறமே மாறியிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் மெல்ல மெல்லப் பழையபடி ஆனது. காரணங்கள் பல. பெரிய கம்பெனிகள் ஆலையிலேயே அடைத்து அனுப்பும் பாக்கெட்டுக்கு முதலில் விலக்கு இருந்தது. "பிஸ்கட் பாக்கெட்டுக்கு ஒண்ணும் இல்ல, என் கவருக்கு மட்டும் அபராதமா?" என்று கேட்ட அண்ணாச்சிக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த விலக்கை அரசு 2020 ஜூனில் நீக்கியது. ஆனால் அப்போது கொரோனா வந்துவிட்டது. ஊரெல்லாம் பார்சல், எல்லோருக்கும் பயம், பார்சல் எல்லாம் கவரில்.

எனக்கு உறுத்துகிற காரணம் வேறு. 2019 நடுவில் அபராதம் வந்தது. சிறு வியாபாரிக்கு முதல் தடவை 100 ரூபாய், தடை செய்த பொருளை மொத்தமாக வைத்திருப்பவருக்கும் ஏற்றிச் செல்பவருக்கும் 25,000 ரூபாய். வித்தியாசத்தைப் பாருங்கள். சட்டத்துக்கு யார் பெரிய ஆள் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் என் ரசீதுப் புத்தகத்தில் இருந்தவை எல்லாம் 100 ரூபாய் ரசீதுகள். கோயில் வாசலில் பூ விற்கும் ஒரு அம்மாவிடம் 100 ரூபாய் வாங்கினேன். "இலையில கட்டிக் குடுத்தா கவர் இல்லையான்னு கேட்டுட்டு அடுத்த கடைக்குப் போயிருதாவ சார், நான் என்ன செய்ய?" என்றார். அன்று அவர் விற்றது மொத்தம் எவ்வளவு இருக்கும்? ரசீதைக் கிழித்துக் கொடுத்த கை இன்னும் எனக்குக் கூசுகிறது.

கவர் பூக்கடையில் பிறப்பதில்லை. எங்கோ ஒரு மெஷினில் ஓடி, மூட்டையாகக் கட்டி, இரவில் பார்சல் லாரியில் வந்து, ஒரு குடோனில் இறங்கி, காலையில் சைக்கிளிலும் பைக்கிலும் கடை கடையாகப் பிரிகிறது. ஆயிரம் கடையில் போய்ப் பிடிப்பதை ஒரு குடோனில் பிடிக்கலாம். அதற்கு நகராட்சியும் போக்குவரத்துத் துறையும் வணிகவரித் துறையும் காவல் துறையும் ஒரே இரவில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். என் பணிக்காலத்தில் அப்படி நடந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நடந்தபோதெல்லாம் ஒரு மாதத்துக்குக் கடைத்தெருவில் கவர் விலை ஏறியதையும் பார்த்தேன். விலை ஏறினால் அண்ணாச்சியே "பை கொண்டாங்க" என்று சொல்லிவிடுவார்.

வாசல் ஒன்றாக இருந்தால் தடை நிற்கும் என்பதற்குப் பாபநாசம் மலையில் இருக்கும் காரையார் சாட்சி. ஆடி அமாவாசைக்கு அங்கே சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூடும் கூட்டத்தை நெல்லைச் சீமையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. குடும்பம் குடும்பமாகக் குடில் போட்டுத் தங்கிச் சமைத்துச் சாப்பிடுவார்கள். அந்தக் காடு 1988 முதல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். பாபநாசம் சோதனைச் சாவடியில் வனத்துறையினர் வண்டியை நிறுத்தி, மூட்டையைப் பிரித்துக் கவரை எடுத்துவைத்துவிட்டுத்தான் மேலே விடுவார்கள். அங்கே பணிக்குப் போன வருடங்களில் நானும் பிரித்திருக்கிறேன். முதலில் சண்டை போட்டார்கள். அடுத்தடுத்த வருடங்களில் அரிசியையும் பருப்பையும் துணிப்பையிலும் டப்பாவிலும் கட்டி வந்தார்கள், யாரும் சொல்லாமலே. சாமி காரியத்துக்குப் போகிறவர்கள் கேட்டுக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம். மேலே போனால் கவர் கிடைக்காது என்று தெரிந்ததும் ஒரு காரணம்.

2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. 10 ரூபாய் நாணயம் போட்டால் மஞ்சப்பை வரும் இயந்திரங்களை வைத்தார்கள். மஞ்சப்பையோடு டவுனுக்குப் போனால் பட்டிக்காட்டான் என்று சிரித்த காலம் ஒன்று இருந்தது. நான் அந்தக் கேலியைப் பட்டவன். அந்தப் பைக்கு அரசே மரியாதை தேடிக் கொடுத்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். இயந்திரம் பஸ் ஸ்டாண்டில் இருக்கிறது, கை வெறுமையாக நிற்பது மளிகைக்கடையில் என்பதுதான் குறை.

இன்னொன்று, மறப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். துணிப்பை என்று சொல்லி இப்போது கொடுக்கிற மொரமொரப்பான பை பல இடங்களில் துணியே கிடையாது. பிளாஸ்டிக் இழையை அழுத்திச் செய்தது. மாநிலத் தடைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. ஓரத்தில் ஒரு நூலளவு கிள்ளித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி கருகிச் சாம்பலாகும். இது உருகி மணி போல உருளும். வீட்டில் பெரியவர்கள் மட்டும் செய்து பாருங்கள்.

எங்கள் தெரு அண்ணாச்சி இரண்டு வருடமாக ஒரு காரியம் செய்கிறார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து, பத்துப் பதினைந்து துணிப்பை தொங்கவிட்டிருக்கிறார். எல்லாம் தாம்பூலப் பைகள்தான், கல்யாண வீடுகளில் வாங்கிவந்து எங்கள் வீடுகளில் சும்மா கிடந்தவற்றை அவரிடம் கொடுத்தோம். பை கொண்டுவராதவருக்கு அதில் ஒன்றில் சாமானைப் போட்டுக் கொடுத்து, பற்று நோட்டில் 'பை 10' என்று எழுதிக்கொள்வார். திருப்பிக் கொண்டுவந்தால் அந்த வரியை அடித்துவிடுவார். நீலகிரியில் 2022 முதல் மதுக்கடையில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்களே, அதே முறைதான். அண்ணாச்சி அதைக் கேள்விப்பட்டுச் செய்யவில்லை. கடன் கொடுத்து வாங்கத் தெரிந்தவருக்குப் பையும் ஒரு கடன்.

இதற்கு அரசு செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் தைக்கும் பைகளில் கடைக்கு இருபது என்று முதல் தடவை மட்டும் உள்ளாட்சி கொடுக்கட்டும். அபராதம் போடப் போகும் ஆய்வாளர் கையில் ரசீதுப் புத்தகத்தோடு அந்தப் பைக்கட்டும் இருக்கட்டும். பூக்கார அம்மாவிடம் நான் அப்படிப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நேற்று அண்ணாச்சி நோட்டைக் காட்டினார். என் பெயருக்கு நேரே ஒரு பை அடிக்கப்படாமல் நிற்கிறது. மருமகள் வாங்கிவந்தது. வீட்டுக்குப் போனதும் தேடி எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். வணக்கம்.