அம்மம்மா மீன் வெட்டும்போது பிள்ளை படிக்கும் சொற்கள்

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் அம்மம்மாவின் வளவில் இருந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது அக்கா மகளின் குரல். வருகிற மாதம் அவளுக்கு 3 வயது.

போன கிழமை அக்கா முகம் வாடி வந்தார். ஒரு பாலர் பாடசாலையில் பிள்ளையைச் சேர்க்கப் போயிருக்கிறார். அங்கே பட அட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்டிருக்கிறார்கள். ஸ்ட்ராபெரி, பனிக்கரடி, பனிமனிதன். பிள்ளை வாயே திறக்கவில்லை. "சொல் போதாது, வீட்டில் கார்ட்டூன் போட்டுவிடுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

இன்று காலை எடுத்த இந்தக் காட்சியைப் பாருங்கள். அம்மம்மா மணலை மீன் வெட்டுகிறார், பிள்ளை பக்கத்தில் குந்தியிருக்கிறாள். "இது செதிள். கையை எடு மகள், முள்ளுக் குத்தும். இது செவுள், சிவப்பாக இருந்தால் மீன் புதிது." பிள்ளை என்ன செய்கிறாள் பாருங்கள். சட்டியில் கிடக்கும் இன்னொரு மீனின் செவுளைத் தானே விரித்துப் பார்த்துவிட்டு, "அம்மம்மா, இதுவும் புதிது" என்கிறாள். இந்தப் பிள்ளைக்கா சொல் போதாது?

நெல் விளையும் சம்மாந்துறையில் என் தோழி வீட்டுப் பிள்ளை வட்டை என்கிற வயல்வெளி, வரம்பு, வாய்க்கால், கதிர் எல்லாம் சொல்வான். அவனுக்கு அப்பா வாப்பா, கறி ஆணம். பிள்ளை வளரும் இடம்தான் அதன் வாயில் முதலில் வருகிறது.

பிள்ளைக்குச் சொல் எப்படிக் கூடுகிறது? 2013இல் வெளியான ஓர் ஆய்வுக்காக வைஸ்லெடர், பெர்னால்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் 29 குடும்பங்களின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்தார்கள். எல்லாம் வருமானம் குறைந்த குடும்பங்கள். ஒரு குழந்தையிடம் ஒரே நாளில் நேராகப் பேசப்பட்டவை 12,000 சொற்களுக்கு மேல். இன்னொரு குழந்தையிடம் 670 தான். 19 மாதத்தில் நேர்ப்பேச்சு அதிகம் கேட்ட குழந்தைகளுக்கு 24 மாதத்தில் சொல்வளமும் அதிகமாக இருந்தது. பெரியவர்கள் தங்களுக்குள் பேசுவதைக் காதில் வாங்கியதற்கும் சொல்வளத்துக்கும் அப்படியொரு தொடர்பு தெரியவில்லை. ஒரே அளவு வறுமைக்குள் இவ்வளவு வித்தியாசம்!

கார்ட்டூன் பற்றியும் சொல்கிறேன். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் பட்ரீசியா கூல் என்ற ஆய்வாளரின் குழுவினர் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். எதிரே ஆள் இருந்து விளையாடிப் பேசியபோது அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியப் பழகினார்கள். அதையே வீடியோவில் பார்த்த குழந்தைகள் பழகவில்லை.

எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். அதனால் அம்மம்மா, பெரியம்மா, சித்தி எல்லோரும் கூப்பிடு தூரத்தில். பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேச எத்தனை வாய்! அந்த வாய்களுக்கு நடுவில் கார்ட்டூன் ஓடும் ஒரு தொலைபேசியை ஏன் கொண்டுபோய் வைக்கிறோம்?

அக்கா நேற்றே அதை அலுமாரிக்குள் வைத்துவிட்டார். இதோ, பிள்ளை கூப்பிடுகிறாள். மீன் தலையைப் பூனைக்கு வைத்திருக்கிறாளாம், நான் வந்து பார்க்க வேண்டுமாம். போகிறேன், உறவுகளே.