சுவருக்குள்ளே குழாய் கசிந்தால் செலவு யாருடையது?

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். குளியலறைச் சுவர் ஓதம் ஏறி, பெயிண்ட் உப்பி உதிர்கிறது. ஓனரிடம் சொன்னால், "தண்ணி பொழங்கறது நீங்க, நீங்களே பார்த்துக்குங்க" என்கிறாராம். சுவரை உடைத்துக் குழாய் மாற்ற 6,000 ரூபாய் ஆகும் என்கிறார் பிளம்பர். யார் கொடுப்பது?

அந்த 6,000 ஓனர் கொடுக்க வேண்டியதுங்க. தமிழ்நாட்டின் 2017-ஆம் வருட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் அட்டவணை வேலையைப் பிரித்தே வைத்திருக்கிறது. குழாய் மாற்றுவது, ஒயரிங், வெள்ளையடிப்பு எல்லாம் ஓனர் பக்கம். டேப், அதன் வாஷர், சாக்கடை அடைப்பு, வாஷ்பேசின் ரிப்பேர் குடியிருப்பவர் பக்கம். கீசர் ரிப்பேரும் நம் கணக்கில்தான், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

"பொழங்கறது நீங்க" என்ற பேச்சு எனக்கு ஒப்பவில்லை. எங்கள் பக்கத்து போர் தண்ணி உப்புத் தண்ணி. நான் குடியிருந்த வீட்டில் பழைய இரும்புக் குழாயை அறுத்து எடுத்தபோது பார்த்தேன், உள்ளே வெள்ளையாக உப்பு படிந்து, பென்சில் நுழையும் ஓட்டைதான் மிச்சம். வெளிப்பக்கம் துருப்பிடித்துக் கையோடு வந்தது. பல வருஷம் சேர்ந்த உப்புக்கு, போன வருஷம் குடிவந்தவர் எப்படிப் பொறுப்பாவார்? நாமே ஆணி அடித்துக் குழாயை ஓட்டை போட்டிருந்தால் அது வேறு, அந்தச் செலவு நம்முடையது.

முதலில் கசிவு எங்கே என்று பாருங்கள். ராத்திரி டேப்பை எல்லாம் இறுக மூடி, ஈரத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். காலை வரை குளியலறையில் தண்ணி ஊற்ற வேண்டாம். ஈரம் கோட்டைத் தாண்டியிருந்தால், தண்ணி வரும் குழாயில்தான் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம். சுவர் காய்ந்திருந்தால், குளித்த தண்ணி தரையிலோ வெளியேறும் பைப்பிலோ இறங்குகிறது. அதுவும் கட்டடத்தின் பழுது, ஓனர்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் கோட்டோடு போட்டோ எடுத்து, பிளம்பர் சொன்ன தொகையையும் சேர்த்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர் மறுத்தால், நாமே செய்து வாடகையில் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் சொல்லாமல் கழிக்காதீர்கள், வாடகையை மொத்தமாக நிறுத்தவும் கூடாது. அட்வான்ஸ் ஓனர் கையில் இருக்கிறது, கழித்த பணத்தைப் பின்னால் அதில் பிடித்துக்கொள்ளப் பார்க்கலாம், அதனால் பிளம்பரிடம் கையெழுத்துப் போட்ட பில் வாங்கி வையுங்கள். அறுத்தெடுத்த குழாய்த் துண்டையும் எடைக்குப் போட்டுவிடாமல் வைத்திருங்கள்.