வைப்பருக்கு அடியில் லேமினேட் செய்த ஓர் எச்சரிக்கை

வணக்கம் நண்பர்களே. இன்று பாலாடைக்கட்டிக் கடைக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த காணொளிக்குத் தள்ளிப் போகிறது. முதலில் இந்த அட்டையைப் பாருங்கள். காலையில் என் கார் வைப்பருக்கு அடியில் செருகியிருந்தது: "குடியிருப்போருக்கு மட்டும். விருந்தினர் வண்டி நிறுத்தக்கூடாது." வாசகத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இந்த லேமினேஷனைத்தான் பொறுக்க முடியவில்லை! மழையில் நனையாதபடி உறை போட்டு, நான்கு மூலைகளையும் கத்தரியால் வளைத்து வெட்டியிருக்கிறார். எனக்காக மட்டும் செய்த வேலையாகத் தெரியவில்லை. வீட்டில் ஒரு கட்டே வைத்திருப்பார்.

இருப்பது வடக்கு யார்க்‌ஷயர் கிராமம் ஒன்றில். பெயரைச் சொன்னால் இன்னொரு அட்டை வரும்.

இங்கிலாந்தில் பொதுச் சாலை எதிர்வீட்டுக்காரருக்குப் பட்டா போட்டுக் கொடுத்ததில்லை. மஞ்சள் கோடு இல்லை, கவுன்சில் வைத்த பலகை இல்லை, யார் வீட்டு வழியையும் மறிக்கவில்லை, சந்திப்பிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால் எவரும் நிறுத்தலாம். எத்தனை நாள் என்பதற்கு நாடு முழுவதற்குமான கெடு எதுவும் கிடையாது. சாலை வரி, இன்சூரன்ஸ், எம்ஓடி என்கிற தகுதிச் சான்று மூன்றும் நடப்பில் இருக்க வேண்டும். வண்டியை ஓட்டப் போவதில்லை என்று அறிவித்துவிட்டு வரி கட்டாமல் இருக்கலாம், ஆனால் அந்த வண்டி பொதுச் சாலையில் நிற்கவே கூடாது. கண்ணாடியில் ஒட்டும் வட்ட வரிவில்லை 2014 அக்டோபரோடு ஒழிந்தது. இப்போது வண்டி எண்ணை அரசு இணையதளத்தில் தட்டினால் வரி கட்டியிருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம். அட்டைக்காரர் பார்த்திருப்பார், சத்தியமாகச் சொல்கிறேன்.

உண்மையான கண்டிப்பு இரவில்தான். மணிக்கு 30 மைலுக்கு மேல் வேக வரம்புள்ள சாலையில் இரவு நிறுத்தினால் பார்க்கிங் விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். ஊருக்குள் 30, ஊரைத் தாண்டினால் 60. நாங்கள் தங்கிய வீடோ ஊரின் கடைசி வீடு, வாசல் 60 பக்கம் வந்துவிடுகிறது. வாசலில் நிறுத்தினால் விடிய விடிய விளக்கு, விடிந்ததும் செத்த பேட்டரி!

கேமராவைத் திருப்புகிறேன். அந்தக் கம்பம் தெரிகிறதா? ஊருக்குள் வருபவருக்கு 30. பின்பக்கம் போனால் வெள்ளை வட்டத்தில் சாய்வாக ஒரு கறுப்புக் கோடு, அதாவது இந்த மாதிரி ஒற்றைச் சாலையில் கார்களுக்கு 60. என் கார் நிற்கும் இடத்தைப் பாருங்கள். பின் பம்பர்கூடக் கம்பத்துக்கு இந்தப் பக்கம்! நேற்றிரவு கைபேசி வெளிச்சத்தில் இறங்கிப் பார்த்து, இன்னும் ஓரடி முன்னே எடுத்து, மறுபடி இறங்கிப் பார்த்தேன். வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். விளக்கில்லாமல், சட்டப்படி, கல் சுவரை உரசாமல் நிற்கிறது. இந்த மலைப்பாதைகள் எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த காட்சி இதுதான்.

ஒன்றை விட்டுவிட்டேன். விளக்கில்லாமல் நிறுத்தும் சலுகை, போக்குவரத்து போகும் திசையைப் பார்த்து, சாலையோரத்தை ஒட்டி நிற்கும் வண்டிக்குத்தான். எதிர்த்திசையில் மூக்கை நீட்டிக்கொண்டு இரவில் நிறுத்தக்கூடாது. அதற்காகத்தான் தேவாலயம் வரை போய்த் திருப்பி வந்தேன்.

இப்போது இந்தப் பக்கம். எதிரே சாலையில் ஒரு கேரவன், இழுக்கும் கார் இல்லாமல் தனியாக நிற்கிறது. சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்திருக்கிறது. ஜன்னலில் அதே லேமினேட் அட்டை, அதே வளைந்த மூலை! இப்படி இன்னொரு வண்டி இழுத்துப் போகும் வண்டிகளுக்கு, விளக்கில்லாமல் நிறுத்தும் அந்தச் சலுகை கிடையாது. 30 மைல் சாலையானாலும் இரவில் விளக்கில்லாமல் சாலையில் விடக்கூடாது. நேற்றிரவு அதில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

நான் யாரிடமும் புகார் சொல்லப் போவதில்லை. ஆனால் ஞாயிறு வரை காரை இங்கிருந்து எடுக்கவும் மாட்டேன். கடைக்கு நடந்தே போகலாம், வாருங்கள்.