'ஆராதனா'வில் ராஜேஷ் கன்னாவுக்கு ஏன் இரண்டு குரல்?

வணக்கம். 1969-இல் வந்த 'ஆராதனா' இந்திப் படப் பாடல்களைப் பற்றி ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "ராஜேஷ் கன்னாவுக்கு முகமது ரஃபியும் பாடுகிறார், கிஷோர் குமாரும் பாடுகிறார். அவருக்கு இரட்டை வேடம் என்பதால் அப்பாவுக்கு ஒரு குரல், மகனுக்கு ஒரு குரல் என்று பிரித்தார்களா?"

இல்லைங்க. பாட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். 'பாகோன் மே பஹார் ஹை' மகனுடைய பாட்டு, ரஃபியும் லதாவும் பாடியது. சரி, மகனுக்கு ரஃபி என்று வைத்துக்கொண்டால், 'குன்குனா ரஹே ஹை பவ்ரே' அப்பாவுக்கு. அங்கேயும் ரஃபிதான், கூட ஆஷா போஸ்லே. அதே அப்பா 'கோரா காகஸ் தா'வில் லதாவோடு பாடும்போது கிஷோர் குரலில் பாடுகிறார். கணக்கு உதைக்கிறது, பாருங்கள்.

இன்னொரு கதையும் உண்டு. இசையமைப்பாளர் எஸ். டி. பர்மனுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது, மகன் ஆர். டி. பர்மன்தான் கிஷோரை உள்ளே கொண்டுவந்தார் என்பார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 1955-இல் 'முனீம்ஜி'யிலேயே பெரிய பர்மனுக்காக கிஷோர் பாடியிருக்கிறார். 1965-இல் வந்த 'கைட்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேவ் ஆனந்த் ஒரே ஆள், ஒரே வேடம். 'தேரே மேரே சப்னே', 'தின் டல் ஜாயே' எல்லாம் ரஃபி. 'காதா ரஹே மேரா தில்' மட்டும் கிஷோர். பர்மன் நடிகரின் முகத்தைப் பார்த்துப் பாடகரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த மெட்டு எந்தத் தொண்டையில் உட்காரும் என்று பார்த்தார். 'ஆராதனா'விலும் அதைத்தான் செய்திருக்கிறார் என்பது என் உறுதியான எண்ணம்.

'மேரே சப்னோ கீ ரானி'யைக் கேளுங்கள். டார்ஜிலிங் மலை ரயிலில் ஷர்மிளா தாகூர், பக்கத்துச் சாலையில் ஜீப்பில் ராஜேஷ் கன்னா. பல்லவி முடிகிற இடத்தில் "சலீ ஆ" என்று கிஷோர் கூப்பிடுகிறார் இல்லையா, அதில் சங்கீத வேலைப்பாடே கிடையாது. ஓடுகிற வண்டியிலிருந்து ஒருவன் நிஜமாகவே வாய்விட்டுக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். 'குன்குனா' அப்படியில்லை. வண்டுகளின் ரீங்காரத்தைச் சொல்கிற பாட்டு. ரஃபி ஒவ்வொரு சொல்லையும் மெல்ல இழைத்து விடுவார். இரண்டையும் மாற்றிப் பாடவைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் 'ரூப் தேரா மஸ்தானா'. முழுப் பாட்டையும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்தார் இயக்குநர் சக்தி சாமந்தா. ராஜேஷ் கன்னா அதில் வாயசைப்பதே இல்லை. பக்கத்து அறையில் யாரோ பாடுகிறார்கள், இவரும் ஷர்மிளாவும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் அது அவர் மனசுக்குள் ஓடுகிற பாட்டாகவே நமக்குக் கேட்கிறது. கிஷோர் குரலைத் தாழ்த்தி, மூச்சோடு சேர்த்துப் பாடியதுதான் காரணம். அவருக்கு முதல் ஃபிலிம்ஃபேர் விருது இந்தப் பாட்டுக்குத்தான். இதற்குப் பிறகுதான் ராஜேஷ் கன்னா என்றாலே கிஷோர் என்று ஆகிப்போனது.

கேள்வியில் விட்டுப்போன மூன்றாவது ஆண் குரலையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 'சஃபல் ஹோகி தேரி ஆராதனா'வைப் பர்மனே பாடினார். யாருக்கும் பின்னணி இல்லை, கதைக்கு வெளியிலிருந்து வருகிற வயதான குரல். கிராமத்துப் படகுக்காரர் பாடுவதுபோல் ஒரு கரகரப்பு. சிறந்த பாடகருக்கான தேசிய விருது அவருக்கு இந்தப் பாட்டுக்காகக் கிடைத்தது.

இதே கதை 1974-இல் சிவாஜி நடிக்க 'சிவகாமியின் செல்வன்' என்று தமிழில் வந்தது. அதில் 'எதற்கும் ஒரு காலம் உண்டு' பாட்டை எம். எஸ். விஸ்வநாதனே பாடினார். இன்று இரவு இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.