இறக்கிய பிறகும் விடாத ஹேண்ட் பிரேக்

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்குப் பழைய கார் வைத்திருப்பவர்களோடு பேச்சு. மாருதி 800, ஜென், பிரீமியர் பத்மினி, எதுவானாலும் சரி. பொத்தானை அமுக்கி பார்க்கிங் பிரேக் போடுகிற புதுக் கார்க்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மும்பையில் மழை பிடித்துவிட்டால் எனக்கு வருகிற போன் எல்லாம் ஒரே ரகம். "ஹேண்ட் பிரேக்கை இறக்கிட்டேன், வண்டி நகர மாட்டேங்குது!" செம்பூரில் எங்கள் சொசைட்டியிலேயே ஓர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போனவர், நல்ல மழையெல்லாம் முடிந்துதான் திரும்பினார். வண்டியை எடுத்தார். முதல் கியர், கிளட்சை விட்டார், எஞ்சின் அணைந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தார். கிளட்ச் கருகிய வாடை மாடி வரைக்கும் வந்துவிட்டது.

ஓடிப்போய் நிறுத்தச் சொன்னேன். "அண்ணாச்சி, ஹேண்ட் பிரேக் போட்டுட்டா போனீங்க?"

"போடாம எப்படிய்யா வண்டியை விட்டுட்டுப் போவ? உருண்டுராதா?"

உருள அங்கே சரிவே கிடையாது!

பின் சக்கரத்தோடு சுற்றுகிற கிண்ணம் மாதிரியான டிரம் வார்ப்பிரும்பு. பிரேக் போட்டால் உள்ளிருந்து அதை அழுத்திப் பிடிக்கிற வளைந்த தகடுதான் பிரேக் ஷூ. ஈரத்தோடு அது வாரக்கணக்கில் டிரம்மை அழுத்திக்கொண்டிருந்தால், நடுவே துரு ஏறி இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மெதுவாக முதல் கியர், மெதுவாக ரிவர்ஸ், மாற்றி மாற்றி. அண்ணாச்சி வண்டியில் ரிவர்ஸில் 'டொக்' என்றது, விட்டுவிட்டது. விடாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைச் சுற்றி மரச்சுத்தியலால் தட்டலாம். இரும்புச் சுத்தியல் வேண்டாம், வார்ப்பிரும்பு தெறித்துவிடும்.

இன்னொரு வகை உண்டு, அது 'டொக்' என்று விடாது. வண்டி ஓடும், ஆனால் இழுத்துக்கொண்டே ஓடும். பெட்ரோல் கூடக் குடிக்கும். இறங்கிப் பார்த்தால் ஒரு பின் சக்கரம் மட்டும் கொதிக்கும். தொடாதீர்கள், பக்கத்தில் கை கொண்டுபோனாலே தெரியும். இது பெரும்பாலும் கேபிள். சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி, உறைக்குள் ஓடுகிற கம்பிதான். நுனியில் இருக்கிற ரப்பர் உறை கிழிந்தால் தண்ணீர் உள்ளே போகும், கம்பி துருப்பிடிக்கும். இழுப்பது உங்கள் கை, பலமாக இழுத்துவிடும். திருப்பி இழுப்பது ஒரு சின்ன ஸ்பிரிங். மறுபடி சொல்கிறேன்: போடும்போது கை, விடும்போது வெறும் ஸ்பிரிங். துருவோடு அதனால் மல்லுக்கட்ட முடியாது.

2005 ஜூலை 26 அன்று சான்டாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதே! முழுகிய கார்களில் எஞ்சினைப் பார்த்தார்கள், சீட்டைக் காயவைத்தார்கள். கேபிளுக்குள் போன தண்ணீரை அநேகம் பேர் நினைக்கவே இல்லை. அது பிறகு வேலையைக் காட்டியது. துருவேறிய கேபிளுக்கு எண்ணெய் விடுவது கொஞ்ச நாள் சமாதானம்தான், மாற்றிவிடுங்கள்.

மாற்றும் முன் ஒரு சோதனை. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். கேபிளைத் தளர்த்தினால் சக்கரம் சுற்றுகிறதா? குற்றவாளி கேபிள். அப்போதும் சுற்றவில்லையா? கோளாறு டிரம்முக்குள்.

என் கோபமெல்லாம் ஒரு பழக்கத்தின் மேல். ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்றால் உடனே, "லிவர்கிட்ட நட்டை டைட் பண்ணு!" ஐயா, தேய்ந்தது ஷூ. கேபிளை முறுக்கி என்ன பயன்? அது எப்போதும் பாதி இழுத்தபடியே நிற்கும், சக்கரம் உரசும். முதலில் ஷூ, கடைசியில்தான் கேபிள். முதலில் ஷூ!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். டிரம்முக்குள் கிரீஸ் வைப்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். லைனிங்கில், அதாவது ஷூ மேல் இருக்கிற உரசும் பட்டையில், மட்டும் படக்கூடாது, அவ்வளவுதான் இப்போதைக்கு. பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். மழைக்காலத்தில் வெளியூர் போகிறவர்கள் சமதளத்தில் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுப் போங்கள். மற்ற நாளில் தினம் போட்டு எடுங்கள், சும்மா கிடந்தாலும் கேபிள் இறுகும். வணக்கம்.